ஸ்பீக்கர் அதிரட்டும், பேட்டரி படுக்க வேண்டாம்!



ஞாயிற்றுக்கிழமை மாலை சிங்கப்பூர் தேக்கா பக்கம் போயிருக்கிறீர்களா? சந்தையில் கறிகாய் வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலையைக் கடக்க நிற்கும்போது, விளக்குச் சந்திப்பில் ஒரு கார் வந்து நிற்கும். கண்ணாடிகள் எல்லாம் மூடித்தான் இருக்கும். ஆனாலும் உறுமிச் சத்தம் நம் நெஞ்சில் வந்து மோதும். நம்பர் தகடும் கூடவே தாளம் போடும். சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் தலையாட்டுவார்கள். நாம் இரண்டும் செய்யாமல், அந்தக் காரின் முன்விளக்கைக் கவனிப்போம். ஒவ்வோர் அடிக்கும் விளக்கு மங்கி மங்கி எரிகிறதா? அப்படியானால் அந்தக் காருக்குள் மின்சாரம் போதவில்லை என்று பொருள்.

உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு தம்பியின் கடிதமும் இதைப் பற்றியதுதான். எட்டு வருடக் கார். பின்பெட்டியில் 500 வாட் ஆம்பிளிபையரும் 12 அங்குலச் சப்வூபரும் வைத்திருக்கிறார். ஒரு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டதாம். சத்தத்தைக் கூட்டினால் நடுப்பாட்டில் ஆம்பிளிபையர் அணைந்து போகிறது. போன மாதம் விடியற்காலையில் தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சாவியைத் திருப்பினால், "டிக், டிக்" என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. டாக்சி பிடித்துப் போயிருக்கிறார்கள். "பெரிய ஆல்டர்னேட்டர், கெப்பாசிட்டர், கனமான பேட்டரி எல்லாம் போட வேண்டும்; ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்கிறார்கள். பாட்டுப் பெட்டியைக் கழற்றி எறியச் சொல்கிறார் மனைவி. யார் பேச்சைக் கேட்பது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, இப்போதைக்கு இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். மீட்டரின் பேச்சைக் கேளுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்காமல் சாமான் வாங்குவது, காய்ச்சல் எவ்வளவு என்று பாராமலே மருந்து சாப்பிடுவதைப் போன்றது.

குழாய்த் தண்ணீர்க் கணக்கு

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். ஒரே குழாயிலிருந்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் வரும். முதல் வீட்டில் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், குழாய் ஒல்லியாக இருந்தால், அல்லது நடுவே துரு அடைத்திருந்தால், கடைசி வீட்டுக்குப் பஞ்சம்தான்.

காரில் பேட்டரிதான் தொட்டி. அந்தத் தொட்டியை நிரப்பும் பம்பு, எஞ்சினோடு பெல்ட்டால் சுற்றும் ஆல்டர்னேட்டர். குழாய் என்பது வயர். கடைசி வீடு, பின்பெட்டியில் இருக்கும் ஆம்பிளிபையர். தண்ணீரின் அழுத்தத்தை வோல்ட் என்கிறோம். ஓடும் அளவை ஆம்பியர் என்கிறோம். குழாயின் தடையை ஓம் என்கிறோம். இந்த மூன்றுக்கும் உள்ள உறவை 1827-இல் ஜெர்மானியர் ஜார்ஜ் சைமன் ஓம் புத்தகமாக வெளியிட்டார். ஆம்பியரை ஓமால் பெருக்கினால், வழியில் தொலைந்துபோகும் வோல்ட் கிடைக்கும். இன்றைக்கு நமக்கு வேண்டிய கணக்கு இவ்வளவுதான்.

தம்பியின் ஆம்பிளிபையர் முழு வேகத்தில் 500 வாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் மின்சாரம் அனைத்தும் சத்தமாக வெளியே வருவதில்லை. ஒரு பங்கு சூடாகப் போய்விடும். நூற்றுக்கு 75 பங்கு திறனுள்ள ஆம்பிளிபையர் என்றால் அது ஏறக்குறைய 667 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 48 ஆம்பியர்! பழைய மாதிரி முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 110 வாட்தான். அதாவது சுமார் 8 ஆம்பியர். ஆக, ஒவ்வொரு பெரிய அடியின்போதும் ஆறு கார்களின் முன்விளக்குகளைச் சேர்த்து ஏற்றுவது போன்ற சுமை விழுகிறது. நல்ல வேளையாக, பாட்டு எப்போதும் உச்சத்திலேயே நிற்பதில்லை. சராசரி இதைவிட மிகவும் குறைவு.

முதலில் ஒரு மீட்டர்

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ஒரு காலத்தில் மீட்டர் முதல் கைக்கடிகாரம் வரை எல்லாம் கிடைத்தன. அந்தச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. ஆனால் பக்கத்திலேயே, ஜாலான் புசாரில், மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பேர்போன சிம் லிம் டவர் இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். விலை உயர்ந்தது வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வேலை தொடங்குமுன் மோதிரம், கைச்சங்கிலி, இரும்புக் கடிகாரப் பட்டை ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பேட்டரி முனையில் பட்டால் மோதிரம் நொடியில் பழுத்துவிடும். அடுத்தது, மீட்டரை வோல்ட் அளவில் மட்டும் வைத்து அளங்கள். ஆம்பியர் அளவில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் மீட்டரும் போகும், கையும் சுடும்.

மூன்று நேரம், மூன்று எண்

காரை இரவு முழுவதும் நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் எதையும் போடாமல் பேட்டரியை அளங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே சொல்லலாம். சாதாரண ஈயப் பேட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஓர் அறைக்கு 2.1 வோல்ட்.

அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். எஞ்சின் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் அளவு 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

மூன்றாவதாக, எஞ்சின் ஓடும்போது அளங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று இந்த அளவைக் கூட்டிக் குறைக்கும். அத்தகைய காரில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து அவசர முடிவு எடுக்காதீர்கள்.

எங்கே தொலைகிறது?

இப்போதுதான் முக்கியமான சோதனை. எஞ்சின் ஓடட்டும். அடி அதிகமுள்ள பாட்டு ஒன்றைப் போட்டு, வழக்கமாக ஆம்பிளிபையர் அணையும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டுங்கள். முன்னே பேட்டரியில் ஒரு முறை அளங்கள். பின்னே ஆம்பிளிபையரின் முனைகளிலேயே ஒரு முறை அளங்கள். அளந்ததைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு இடத்திலும் ஒன்றாக இறங்கினால் குறை தொட்டியிலோ பம்பிலோ இருக்கிறது. பேட்டரியில் 13.8 நின்று, ஆம்பிளிபையரில் மட்டும் 12-க்கு இறங்கினால் குறை வழியில் இருக்கிறது. புது பேட்டரி, பெரிய ஆல்டர்னேட்டர் எது போட்டாலும் அந்தக் குறை தீராது.

வழியிலும் இரண்டு பாதை உண்டு. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறு முனையை ஆம்பிளிபையரின் பாசிட்டிவிலும் வையுங்கள். பாட்டு ஓடும்போது காட்டும் எண்தான் சிவப்பு வயரில் தொலையும் வோல்ட். பிறகு நெகட்டிவிலும் அப்படியே செய்யுங்கள். அது எர்த் பக்கம் தொலையும் வோல்ட். பின்பெட்டி வரை எட்ட மீட்டரின் வயரை நீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். மெல்லிய வயரே போதும். இரண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் முதலில் சந்தேகிப்பது எர்த்தைத்தான். சிவப்பு வயருக்குக் காட்டும் மரியாதையைக் கறுப்பு வயருக்கு யாரும் காட்டுவதில்லை. பெயின்ட்டின் மேலேயே ஒரு திருகாணியை முடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வர வேண்டிய வழி அது. பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் இடத்தில், கனமான தகட்டில், போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குங்கள். பிறகு துருப் பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவுங்கள். எர்த் வயர் சிவப்பு வயரின் கனமே இருக்க வேண்டும். நீளம் குறைவாக இருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டாதீர்கள். அது உயிர் காக்கும் போல்ட்.

அதே வேளையில் வயரின் கனத்தையும் பாருங்கள். 5 மீட்டர் நீளமுள்ள 8 கேஜ் செம்பு வயரில் 48 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் தொலையும். 4 கேஜ் போட்டால் 0.2 வோல்ட்தான் தொலையும். கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மலிவு விலைப் பெட்டிகளில் வருவது பல சமயம் செம்பு பூசிய அலுமினியம். அதன் தடை செம்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு; வெளியே சிவந்து உள்ளே வெளுத்திருந்தால் அலுமினியம்.

பாட்டு நின்றால் பரவாயில்லை, தீப் பிடித்தால்?

ஒரு தளர்ந்த இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய எண்தான். ஆனால் 48 ஆம்பியர் ஓடும்போது அங்கே ஒரு வோல்ட் தொலைகிறது. 46 வாட் சூடு பிறக்கிறது. ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலுக்கு ஏறக்குறைய இதே சூடுதான். உச்ச அடியில் மட்டுமே இவ்வளவு என்றாலும், அந்தக் கோலைக் கார் கம்பளத்துக்கு அடியில், பிள்ளைகள் உட்காரும் சீட்டுக்குக் கீழே செருகி வைப்பீர்களா?

ஆகவே, ஓடி முடித்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடம்தான் நோயுள்ள இடம்.

அதைவிட முக்கியம் பியூஸ். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள், அதாவது ஒன்றரை அடிக்குள், பியூஸ் இருந்தே தீர வேண்டும். ஆம்பிளிபையரில் ஒரு பியூஸ் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது ஆம்பிளிபையரைக் காக்கும். பேட்டரி பக்கத்துப் பியூஸ்தான் வயரைக் காக்கும். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவேயுள்ள தகரச் சுவரில் சிவப்பு வயர் உரசி உரசித் தோல் கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒரே இடத்தில் கொட்டும். பியூஸ் இல்லாவிட்டால் வயரே பியூஸாகிவிடும். கார் முழுவதும் எரியலாம். வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பியூஸின் அளவு வயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நல்ல செம்பு வயரானால் 8 கேஜுக்கு 50 ஆம்பியர், 4 கேஜுக்கு 100 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. அலுமினிய வயரானால் இன்னும் குறைக்க வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போடுவதும், சிகரெட் தாளைச் சுற்றுவதும் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம்.

இரவில் வரும் திருடன்

தம்பி, நடுப்பாட்டில் ஆம்பிளிபையர் அணைவது ஒரு நோய். காலையில் கார் கிளம்பாதது வேறொரு நோய். இரண்டும் ஒன்றாக வந்ததால் ஒன்றென்று எண்ணிவிட்டீர்கள்.

ஆம்பிளிபையருக்குச் சிவப்பு, கறுப்பு வயர்களைத் தவிர மெல்லிய நீல வயர் ஒன்று போகும். அதை ரிமோட் வயர் என்பார்கள். ரேடியோவைப் போட்டதும் ஆம்பிளிபையரை எழுப்புவதும், நிறுத்தியதும் தூங்க வைப்பதும் அதன் வேலை. சில இடங்களில் வேலை சுலபமாக முடியட்டும் என்று இந்த வயரை எப்போதும் மின்சாரம் வரும் இடத்தில் இணைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஆம்பிளிபையர் தூங்குவதே இல்லை. சும்மா இருக்கும்போதே அது ஓர் ஆம்பியர் இழுத்தால், 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாளில் காலி. கார் கிளம்ப மறுக்க அவ்வளவு நேரமும் தேவையில்லை.

சோதனை எளிது. சாவியை எடுத்த பிறகு ரிமோட் முனையை அளங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால், ஒரு வாரம் இரவுதோறும் சிவப்பு வயரின் பியூஸை உருவி வையுங்கள். காலை அளவு 12.6-க்குப் பக்கத்திலேயே நின்றால் திருடன் ஆம்பிளிபையர்தான். அப்படியும் இறங்கினால் திருடன் வேறெங்கோ இருக்கிறான். பேட்டரியே கிழடாகவும் இருக்கலாம்.

இரண்டு பேட்டரி ஏன் போயின என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கார் பேட்டரி, எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள் பலமாக உழைக்கப் பிறந்தது. அதை அடிமட்டம் வரை காலியாக்கிப் போட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய வலு வராது. நம் ஊர் வெயிலும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

இன்னொன்று. சிங்கப்பூரில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிடுவது சட்டப்படி குற்றம். அதற்காக எஞ்சினை நிறுத்திவிட்டு, அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் நண்பர்களோடு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டால்? சராசரி 10 ஆம்பியர் என்றாலும் 20 ஆம்பியர்-மணி போய்விட்டது. பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி! அடிச் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் என்பதால், மேல்மாடியில் தூங்கும் குழந்தையையும் எண்ணிப் பாருங்கள்.

வாங்குமுன் இன்னும் இரண்டு

ஸ்பீக்கரின் ஓமைப் பாருங்கள். 4 ஓம் சுருள்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 2 ஓம். 2 ஓம் சுருள்கள் இரண்டை அப்படி இணைத்தால் 1 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்பிளிபையர் அதிகம் இழுக்கும். அது 2 ஓம் வரைதான் தாங்கும் என்று புத்தகத்தில் இருந்து, நீங்கள் 1 ஓம் மாட்டியிருந்தால், சிவப்பு விளக்கு எரிந்து அது அணைவது நியாயமே. தன் உயிரைக் காத்துக்கொள்கிறது.

கெப்பாசிட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு பாரட் கெப்பாசிட்டர், 13.8-இலிருந்து 12.8 வோல்ட்டுக்கு இறங்கும்போது கொடுப்பது சுமார் 13 ஜூல். 667 வாட் இழுக்கும் ஆம்பிளிபையருக்கு அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் போதும். கெட்ட எர்த்தை அது குணமாக்காது. எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் பேட்டரியிலேயே வோல்ட் இறங்கினால், அப்போது பேட்டரி, ஆல்டர்னேட்டர் பற்றி யோசிக்கலாம்.

தோட்டத்தில் லாரி ஓட்டும் வாசகர்களுக்கு ஒரு சொல். லாரி 24 வோல்ட்டானால், இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். ஒன்று காய்ந்து, மற்றொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடவே கூடாது. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். அந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

உட்லண்ட்ஸ் தம்பிக்கு: பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, சிவப்பு வயரைப் பேட்டரியிலிருந்து எடுத்துவிடுங்கள். நுனியில் டேப் சுற்றி, நெகட்டிவை மறுபடி மாட்டுங்கள். பியூஸ் வாங்கி மாட்டும் வரை பாட்டு வேண்டாம். பிறகு எர்த், அடுத்து ரிமோட் வயர், அதன் பின் மற்றவை. அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பட்டறைக்குப் போகும்போதும் அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். எண்ணோடு வருகிறவரிடம் வேண்டாத சாமானை விற்பது கடினம். மனைவியிடமும் சொல்லுங்கள், பெட்டியை எறிய இன்னும் ஒரு வாரம் பொறுக்கட்டும். அம்மாவின் அடுத்த ஆஸ்பத்திரித் தேதிக்குள் கார் ஒரே திருப்பலில் கிளம்பட்டும்.